எக்ஸ்3: புது மாடலா, மூன்று வருஷம் ஓடிய பழைய 30ஐ-யா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கோவையில் இருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், எப்போதாவது கூட வரும் அம்மா. உள்ளூர் ஓட்டம் போக மாதம் ஒருமுறை சென்னை, ஆக வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர். டிரைவர் கிடையாது, ஓட்டுவது உங்களுக்குப் பிடித்த வேலை. ஒரு பக்கம் புது பிஎம்டபிள்யூ எக்ஸ்3, பெட்ரோல் 20 எக்ஸ்டிரைவ் (எக்ஸ்டிரைவ் என்றால் நாலு சக்கர இழுவை). இன்னொரு பக்கம் 2022 கடைசியில் பதிவான போன தலைமுறை எக்ஸ்3 30ஐ எம் ஸ்போர்ட், அதுவும் பெட்ரோல்தான். சென்னைப் பதிவு, முதல் ஓனர், 31,000 கி.மீ. ஓடியது, 49 லட்சம் கேட்கிறார்கள். புதுசு வாங்கவும் காசு இருக்கிறது, ஆனால் மனசு வரவில்லை என்கிறீர்கள்.

என் பதில் அந்தப் பழைய 30ஐ. அந்தக் குறிப்பிட்ட வண்டி சோதனையில் தேறினால் மட்டும். தேறாவிட்டால் அதே மாதிரி இன்னொன்றைத் தேடுங்கள், உடனே புதுசுக்கு ஓடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது எஞ்சின். புது தலைமுறை என்றாலே பலம் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த புது எக்ஸ்3-யின் 20 பெட்ரோலுக்கு 190 குதிரைசக்தி, 310 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நீங்கள் பார்த்திருக்கும் பழைய 30ஐ-க்கு 252 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர். இரண்டுமே 2 லிட்டர், நாலு சிலிண்டர் டர்போதான். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட புதுசுக்கு 7.8 விநாடி, பழையதற்கு 6.6 விநாடி என்று நிறுவனமே சொல்கிறது. அந்த ஒரு விநாடிச் சொச்சம் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். சேலம் தாண்டி இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருக்கும்போது, இடைவெளி கிடைத்ததும் 80-லிருந்து 110-க்குப் போகவேண்டிய இடத்தில் அதன் அர்த்தம் புரியும். புது 20 மெதுவான வண்டி என்று சொல்லவில்லை. ஊருக்குள் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் (எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மின்மோட்டார்) உதவியோடு அது பழையதைவிட மென்மையாகவே நகரும், சிக்னலில் எஞ்சின் அணைந்து எரிவதே தெரியாது. ஆனால் ஐந்து பேர், முழு பூட், ஏசி என்று நெடுஞ்சாலையில் அழுத்தும்போது 190 குதிரையின் எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. ஓட்டப் பிடிக்கும் என்று சொல்கிற ஆள் வரியெல்லாம் சேர்த்து 88 லட்சம் கொடுத்து, 49 லட்சத்து வண்டியைவிடப் பலம் குறைந்த ஒன்றை எடுப்பது எனக்கு உறுத்துகிறது.

புதியதிலும் பின்னர் 30 எக்ஸ்டிரைவ் வந்தது, 258 குதிரைசக்தியோடு. புதுசுதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் 20-ஐ மறந்துவிட்டு அதை ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் விஷயத்தில் அதுதான் உங்கள் பழைய 30ஐ-க்கு நேரான வாரிசு.

அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு ஒரு சைஸ் பெரியது போலத் தோன்றும். நீளம் 4,708 மி.மீ.லிருந்து 4,755 ஆகியிருக்கிறது, அகலம் 1,891-லிருந்து 1,920. ஆனால் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,864-லிருந்து 2,865 மி.மீ., அதாவது ஒரே ஒரு மில்லிமீட்டர். அதனால் பின்சீட்டில் கால் நீட்டப் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டிலும் நடுவில் உட்காருபவருக்குக் காலடியில் மேடு இடிக்கும். அம்மா வரும் நாளில் சின்னப் பிள்ளைதான் நடுவில். பூட் 550 லிட்டரிலிருந்து 570 ஆகியிருக்கிறது. இதற்காக மாடல் மாற்ற முடியாது. உயரம் மட்டும் பழையதில் கொஞ்சம் கூட. வயதானவர்களுக்கு ஏறி இறங்குவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், இருந்தாலும் அம்மாவை இரண்டிலும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

உள்ளே வந்தால்தான் இரண்டு தலைமுறைகளும் நிஜமாகவே பிரிகின்றன. புதியதில் 12.3 அங்குலமும் 14.9 அங்குலமும் சேர்ந்த வளைந்த திரை. இரவில் டேஷ்போர்டிலும் கதவிலும் ஓடும் ஒளிக்கோடு ஷோரூமில் யாரையும் மயக்கும், பிள்ளைகள் அதற்காகவே ஓட்டுப் போடுவார்கள். நீங்கள் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, ஏசி ஃபேன் வேகத்தை இரண்டு படி குறையுங்கள். புதியதில் வெப்பநிலை எண் திரையின் அடியில் எப்போதும் நிற்கும், ஆனால் ஃபேனுக்கு உள்ளே ஒரு பக்கம் திறக்கவேண்டும். பழையதில் கை தானாகப் போய் ஒரு பட்டனைத் தொடும். பாட்டு, ரேடியோ, ஏசி எல்லாவற்றுக்கும் நிஜப் பட்டன்கள், அதற்குமேல் உங்கள் விருப்பத்துக்கு அமைத்துக்கொள்ள 1 முதல் 8 வரை எண் போட்ட ஒரு வரிசை. வீட்டு முகவரி, அம்மாவின் போன் எண், பிடித்த எஃப்எம் என்று எதை வேண்டுமானாலும் அதில் ஏற்றிவைக்கலாம். தினமும் ஓட்டுபவருக்கு இதன் அருமை போகப் போகத்தான் தெரியும்.

அடுத்தது கை படும் பொருட்கள். புது எக்ஸ்3 வெளியானதிலிருந்து உலகம் முழுக்க விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை, கதவுப் பேனலில் உள்ள கடினமான பிளாஸ்டிக். ஷோரூமில் கதவை மூடும் அந்தப் பிடிக்குள் விரல் விட்டு, கொஞ்சம் அழுத்தி முறுக்கிப் பாருங்கள். பிறகு கதவின் கீழ்ப்பகுதியை விரல் முட்டியால் தட்டுங்கள். பழையதிலும் அதையே செய்யுங்கள். பழையது கெட்டியாகச் சத்தமில்லாமல் இருக்கும். புதியது இவ்வளவு விலைக்கு இவ்வளவுதானா என்று நினைக்க வைக்கும். இது என் ருசி மட்டும் என்று ஒதுக்கலாம், ஆனால் ஐந்து வருஷம் கழித்து எந்தக் கதவு கிரீச்சிடும் என்பது ருசி சம்பந்தப்பட்டதல்ல.

திரை விஷயத்தில் இன்னொன்றும் யோசிக்கவேண்டும். 2025 செப்டம்பரில் மியூனிக்கில் பிஎம்டபிள்யூ புது மின்சார ஐஎக்ஸ்3-யைக் காட்டியது. அதில் முன் கண்ணாடியின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தகவல் ஓடும் புது ஏற்பாடு இருக்கிறது. இனி வரும் எல்லா மாடல்களுக்கும் அதுதான் என்று அறிவித்தும்விட்டார்கள். அப்படியென்றால் இன்றைய ‘புது’ எக்ஸ்3-யின் டேஷ்போர்டு வழியில் நிற்கும் ஒரு இடைக்கால வேலைதான். அடுத்த ஃபேஸ்லிஃப்டில், அதாவது இதே மாடலை மெருகேற்றி வெளியிடும்போது, அதுவும் பழசாகத் தெரியும். புதுத் தோற்றத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர் அந்தப் புதுமை எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கத்தானே வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். உங்கள் மனசு வராததற்குக் காரணம் இருக்கிறது.

புது 20 பெட்ரோல் அறிமுகமானபோது ஷோரூம் விலை 75.80 லட்சம். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறியதும் இந்த வகை வண்டிகளுக்கு 28 சதவீத வரியும் 22 சதவீத செஸ்ஸும் போய், ஒரே 40 சதவீதம் ஆனது. கணக்குக்கு 71 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது 20 சதவீதம், அதாவது 14 லட்சத்துக்கு மேல். இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு, 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) எல்லாம் சேர்த்தால் ரோட்டுக்கு வரும்போது 88 லட்சத்தை ஒட்டி நிற்கும். டிசிஎஸ் வருமான வரிக் கணக்கில் திரும்பிவிடும். ஆயுள் வரி திரும்பாது. வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டுமுன் போன பதினாலு லட்சம் அது.

பழைய வண்டியைப் பாருங்கள். 2022-இல் 30ஐ எம் ஸ்போர்ட்டின் ஷோரூம் விலை 65.90 லட்சம். அப்போது 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 15 சதவீதம், கிட்டத்தட்ட 9.9 லட்சம். இன்ஷூரன்ஸ் முதலியவை சேர்த்து முதல் ஓனர் 79 லட்சம் போல இறக்கியிருப்பார். இன்று 49-க்கு வருகிறது. நடுவில் இருக்கும் புரோக்கரின் லாபத்தைக் கணக்கில் எடுக்காமலே 30 லட்சம் கரைந்திருக்கிறது. 31,000 கிலோமீட்டருக்கு 30 லட்சம் என்றால் கிலோமீட்டருக்கு 97 ரூபாய், பெட்ரோல் ஒரு சொட்டு போடுவதற்கு முன்பே. அவர் கட்டிய ஆயுள் வரி வண்டியோடு வருகிறது. தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் உங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

இதனால்தான் டெல்லி, பெங்களூர் வண்டிகள் ஐந்தாறு லட்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம் என்பேன். அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி என்ற ஆட்சேபமில்லாச் சான்று வாங்கி, இங்கே வயதுக்கு ஏற்ற ஆயுள் வரியைத் திரும்பக் கட்டி, அங்கே கட்டிய வரியை மீட்க அலைந்து முடிக்கும்போது மலிவு ஆவியாகியிருக்கும்.

49 லட்சத்தோடு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பெயர் மாற்றம், புது இன்ஷூரன்ஸ், அதற்குமேல் முதல் வருஷத்துக்கென்று ஒரு 3 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். நாலு டயர், பிரேக் பேட், ஒரு முழு சர்வீஸ், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. எல்லாம் சேர்ந்து 54. இரண்டுக்கும் இடையில் 34 லட்சம் இடைவெளி நிற்கிறது. அந்த இடைவெளியை எந்தத் திரையும் எந்த ஒளிக்கோடும் நியாயப்படுத்தவில்லை.

கம்பெனி பெயரில் வாங்குவீர்களா என்று சொல்லவில்லை. வாங்கினால், ஐந்து சீட் காருக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம், அது செகண்ட் ஹேண்ட் வண்டிக்கும் உண்டு. மற்றதை ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

டீசல் பற்றிச் சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 15,000 கி.மீ.க்கு நிஜ ஓட்டத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 10, டீசல் 14 கொடுக்கிறது என்று போட்டால், இன்றைய விலையில் வருஷத்துக்கு அரை லட்சம்தான் வித்தியாசம். 25,000-ஐத் தாண்டுகிறவர்களுக்கு டீசல் எக்ஸ்3 20டி சரி. கோவைக்குள் நாலு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் என்று ஓடும் டீசலில் புகைவடிகட்டி அடைபடும் தொல்லை வேறு உண்டு. நீங்கள் பெட்ரோலிலேயே இருங்கள்.

இனி அந்த வண்டி. செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் பாதி வேலை மாடலைத் தேர்ந்தெடுப்பது, மீதிப் பாதி குறிப்பிட்ட அந்த ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பது. சென்னைப் பதிவு, 2022 கடைசி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அந்த வாரம் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அடித்தளத்தில் நின்ற வண்டிகளில் பல பிறகு மெருகேற்றப்பட்டு வெளியூர்களுக்குப் போயின. அதனால் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள்.

முன் சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். மேலே இருக்கும் பகுதியைத் துடைத்துவிடுவார்கள், சுருளுக்குள் கடைசியாக இருக்கும் ஒரு முழத்தை யாரும் துவைப்பதில்லை. அங்கே சேற்றின் கறையோ புளித்த வாடையோ இருந்தால் அங்கேயே வண்டியை விட்டு விலகிவிடலாம். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அடியில் தண்டவாளத்தைத் தாங்கும் போல்ட்டுகளில் டார்ச் அடியுங்கள்; மூன்று வருஷ வண்டியில் துரு இருக்கக் கூடாது. பூட் தரையைத் தூக்கி மூலைகளில் விரலால் தடவுங்கள். கார்ப்பெட் மட்டும் மற்றதைவிடப் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்த வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பல கீழ்மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளத்தில் நின்ற பிஎம்டபிள்யூ இன்று நன்றாக ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு எச்சரிக்கை விளக்காகக் காட்ட ஆரம்பிக்கும், அதற்கு முடிவே இராது.

அப்புறம் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள், நகல் அல்ல, முழு ஆவணம். அதில் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று இருக்கும். பூஜ்யம் என்றால் அதற்கு முந்தைய வருஷம் கிளைம் போயிருக்கிறது, என்ன கிளைம் என்று தெரிந்தாக வேண்டும். 50 சதவீதம் என்று இருந்தாலும் ஏமாறாதீர்கள். அந்த போனஸ் ஓனருடையது, வண்டியுடையது அல்ல; பழைய காரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். அதே காரணத்தால் அது உங்களுக்கு மாறியும் வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றவில்லையென்றால் சொந்தச் சேதத்துக்குக் கிளைம் சிக்கலாகும். இதை டீலர் ‘பார்த்துக்கலாம் சார்’ என்பார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர்களைக் குனிந்து பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும்; முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 4122 என்றால் 2022-இன் 41-வது வாரம். நாலும் ஒரே பிராண்ட், ஒரே மாதிரித் தேய்மானமாக இருக்கவேண்டும். இது அழகுக்காகச் சொல்வதல்ல. எக்ஸ்டிரைவ் நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் அமைப்பு. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு வேறுபட்டால் சக்தியைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருந்து தேய்ந்துபோகும். பஞ்சராகி ஒரு டயரை மட்டும் வேறு பிராண்டில் மாற்றி ஓட்டிய வண்டியில் இந்த வேலை சத்தமில்லாமல் ஆரம்பித்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது, காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடியுங்கள். டயர் தரையில் விட்டுவிட்டு உரசுவது போல ஒரு உதறல் தெரிந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரன்ஃபிளாட் டயர் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. போகலாம், ஆனால் ஒவ்வொன்றும் சாதாரண டயரைவிட விலை அதிகம்.

எஞ்சின் பக்கம் அதிகம் பயப்படத் தேவையில்லை. இந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் பிஎம்டபிள்யூவின் நல்ல எஞ்சின்களில் ஒன்று. ஆயில் ஃபில்டர் இருக்கும் பகுதியின் கேஸ்கெட்டில் கசிவு, பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்களில் விரிசல், இந்த இரண்டும்தான் வயதாக ஆக வரும் வழக்கமான நோய்கள். கீழ்க் கவரைக் கழற்றி, லிஃப்ட்டில் ஏற்றி, எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எட்டு கியர் பெட்டி இஸட்எஃப் நிறுவனத்தினுடையது. அதன் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்றவேண்டாம் என்று பிஎம்டபிள்யூ சொல்கிறது, பெட்டியைச் செய்த இஸட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு இன்னும் மூணு நாலு வருஷத்தில் அந்தச் செலவு வரும்.

ஒரு ரீகால் விஷயமும் உண்டு. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ பல மாடல்களைத் திரும்ப அழைத்தது, 2020 முதல் 2022 வரையிலான எக்ஸ்3-யும் அதில் அடக்கம். ஸ்டார்ட்டர் மோட்டாரின் ரிலேயில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா என்பதைச் சேஸிஸ் எண்ணை அதிகாரபூர்வ சர்வீஸில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அதே நேரத்தில் அந்த எண்ணுக்குரிய முழு சர்வீஸ் வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள். 31,000 கி.மீ. என்று மீட்டர் சொல்வதை அந்த வரலாறும் சொல்லவேண்டும்.

வாரண்டி. நிறுவனத்தின் அடிப்படை இரண்டு வருஷம் இந்த வண்டிக்கு முடிந்துபோயிருக்கும். முதல் ஓனர் நீட்டிப்பு வாங்கியிருக்கிறாரா, எதுவரை, பெயர் மாறினாலும் தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். நீட்டிப்பு உயிரோடு இருக்கும் வண்டிக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. இல்லாத வண்டி என்றால் அந்த 3 லட்சத்தை 5 ஆக்கிவிட்டு, விலையை 46-லிருந்து பேச ஆரம்பியுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரோ ஏர்பேக் கம்ப்யூட்டரோ ஒருமுறை போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பணம்தான் பதில்.

பெட்ரோல் வண்டி வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். எரிபொருள் மூடியைத் திறந்தால் உட்புறம் எவ்வளவு எத்தனால் கலந்தது போடலாம் என்று ஒட்டியிருக்கும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் கலந்தது, அதனால் அதை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள்.  ஆக்டேன் குறைந்த பெட்ரோலிலும் ஓடும், ஆனால் இந்த எஞ்சினின் முழு பலம் 95 ஆக்டேனில்தான் வெளிவரும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் பிள்ளைகள் இருக்கிற வீடு. பழைய தலைமுறை 2017-இலும், புதியது 2024-இலும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. நடுவில் சோதனை கடினமாகியிருக்கிறது என்பதால் புதியதின் ஐந்து நட்சத்திரம் கொஞ்சம் கனம் கூடியது. தானாக பிரேக் பிடிப்பது, தடம் மாறினால் எச்சரிப்பது போன்ற ஓட்டுநர் உதவிகளிலும் புதியது முன்னே நிற்கிறது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ராத்திரியில் தனியாக 500 கி.மீ. ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், 34 லட்சத்துக்கு ஓரளவு அர்த்தம் சொல்வது இந்த ஒரு விஷயம்தான்.

ஆக, எப்போது புதுசு எடுக்கச் சொல்வேன்? பத்து வருஷம் ஒரே வண்டியை வைத்துக்கொள்வேன், இடையில் விற்கமாட்டேன் என்பவர், முதல் வருஷங்களின் தேய்மானத்தைப் பத்தாகப் பிரித்துவிடுகிறார். அவருக்கு முழு வரலாறும் தன் கையிலேயே இருக்கும். பழைய வண்டிக்குப் பின்னால் ஓடி, லிஃப்ட்டில் ஏற்றி, ஆவணம் தேடி அலைய நேரமில்லாதவரும் புதுசே எடுக்கட்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து பாதிச் சோதனையோடு செகண்ட் ஹேண்ட் எடுப்பதுதான் மூன்றிலும் மோசமான வழி. நடுவழி ஒன்றும் இருக்கிறது. நிறுவனத்தின் சொந்தப் பழைய கார் பிரிவில், பரிசோதித்து வாரண்டியோடு விற்பார்கள். வெளிச்சந்தையைவிட விலை சில லட்சம் கூடும், தலைவலி குறையும். 30ஐ அங்கே கிடைத்தால் உங்கள் 49 லட்சத்து வண்டிக்குப் பதில் அதையே சொல்வேன்.

இரண்டுமே செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில், 2007-இல் திறந்த அதே ஆலையில் பூட்டப்படுபவைதான். அதனால் பழசு எடுத்தால் பாகம் கிடைக்காது என்று ஷோரூமில் யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டு வாருங்கள். போன தலைமுறை 2018 முதல் 2024 வரை இங்கேயே விற்ற மாடல், ஊருக்குள் நிறைய ஓடுகிறது.

சனிக்கிழமை காலையில், வண்டியை யாரும் முன்கூட்டி ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். போனெட்டில் கை வையுங்கள், சில்லென்று இருக்கவேண்டும். ஸ்டார்ட் செய்து முதல் அரை நிமிஷம் காதைக் கொடுங்கள். ஆரம்பச் சலசலப்பு அடங்கி எஞ்சின் சீராக நின்றால், மேலே சொன்ன சோதனைகளுக்குப் போகலாம். எல்லாம் தேறினால் 47-க்கு முடித்துவிடுங்கள், 49 அதற்கு அதிகம்.